கணக்கு மிஸ்ஸின் அஞ்சாம் தேதி

மாதத்தின் அஞ்சாம் தேதி சாயங்காலம் கணக்கு மிஸ்ஸோடு ஒரே பஸ்ஸில் ஏறக் கூடாது என்பது எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நான் அந்தப் பள்ளியில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

மொரப்பூர் தாண்டி ரோட்டோரமாக இருந்த ஒரு தனியார் பள்ளி. நான் சயின்ஸ் மிஸ், அவர் கணக்கு மிஸ். ஆசிரியைகள் ஒருவரையொருவர் பாடத்தின் பெயரால் கூப்பிட்டுக்கொள்வதுதான் அங்கே வழக்கம். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் புழங்கவில்லை. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அன்றைக்கு தர்மபுரி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "ஒரு அஞ்சு நிமிசம் வர்றீங்களா மிஸ்? பக்கத்துல ஒரு கடைக்குப் போய்ட்டு வந்துடலாம்" என்றார். ஏதோ சாமான் வாங்கப் போகிறார் என்று நினைத்து நானும் கூடப் போனேன். மோட்டாரும் பைப்பும் விற்கிற கடை. கல்லாவில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். மிஸ் நேராக அவர் முன்னால் போய் நின்றார்.

"பாய், இன்னைக்கு அஞ்சாந்தேதி. ஸ்கூல்ல இன்னும் சம்பளம் போடலீங்க. பணம் கொண்டாரல. பத்தாந்தேதி வர்றேன்."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? போன் பண்ணா போதாதாம்மா?"

"போன்ல சொன்னா என் மூஞ்சி உங்களுக்குத் தெரியாதுங்களே பாய்."

அவ்வளவுதான். திரும்பினோம். கடையில் நின்றிருந்த இரண்டு பேர் எங்களையே பார்த்தார்கள். கடன் அவருடையது, கூசியது எனக்கு. வெளியே வந்ததும், "இன்னும் ஒரு வூடு பாக்கி இருக்குதுங்க மிஸ், வர்றீங்களா?" என்று கேட்டார். தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுத் தப்பித்தேன்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் தமிழ் மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மாட்டிக்கிட்டீங்களா? நாங்க எல்லாம் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தவங்கதான்."

கடன் வந்த கதையை கணக்கு மிஸ் ஒளித்ததே இல்லை. கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். இண்டூர் பக்கம் வீட்டுக்காரருக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். மழை பொய்த்த வருஷம் போர் போட்டார்கள். முதல் போர் அறுநூறு அடி, வெறும் புழுதி. இரண்டாவதில் ஈரமண் வந்தது, தண்ணீர் வரவில்லை. மூன்றாவதில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சந்தோஷத்தில் பாய் கடையில் மோட்டாரும் பைப்பும் கடனுக்கு எடுத்து இறக்கி, தக்காளி நட்டார்கள். நாற்பதாவது நாள் மோட்டார் வெறும் காற்றை இழுத்தது. தக்காளிச் செடி பூவோடு காய்ந்தது.

வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கிற வேலைக்கு பெங்களூர் போய்விட்டார். மிஸ் மகளைக் கூட்டிக்கொண்டு தர்மபுரியில் ஓர் அறை வாடகை வீட்டுக்கு வந்தார். பாய்க்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். வட்டிக்கு விடுகிற ஓர் அம்மாவுக்கு இரண்டு லட்சம். நகையெல்லாம் பேங்கில். காதில் ஒரு பொட்டுத் தோடு மட்டும் மிச்சம்.

எல்லோருக்கும் கடன் இருக்கிறது. யார் இப்படித் தேதி தவறாமல் கடன்காரர் வாசலில் போய் நிற்கிறார்கள்? பணம் இருந்தால் போகலாம். இல்லாதபோது எதற்கு? ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். அவர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"எங்கப்பாவுக்கும் கடன் இருந்துச்சுங்க மிஸ். அப்ப நான் அஞ்சாவது படிக்கறேன். ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்ததும் கடன்காரர் வருவாரு. கதவுச் சந்துல நின்னுக்கிட்டு 'அப்பா வூட்டுல இல்லீங்க'ன்னு சொல்றது என் வேலை. கதவுக்குப் பின்னாடி எங்கப்பா மூச்சு விடறது எனக்குக் கேக்கும். வந்தவருக்கும் கேட்டிருக்கும். ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றப்ப வாராவாரம் இதேதான் சொல்லுவேன், பொய் சொன்னேன் சாமின்னு. ஒருநாள் ஃபாதர் கேட்டாரு, 'வேற பாவமே செய்யறதில்லியாம்மா நீ?'ன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு மெதுவாக, "எம்பொண்ண அந்த வேலைக்கு வெக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அவ்வளவுதான்" என்றார்.

அதற்காக அவர் எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர் என்று நினைக்க வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் சத்தமாகச் சிரிக்கிறவர் அவர்தான். பிறந்தநாளுக்கு யாராவது சாக்லேட் கொடுத்தால் இரண்டு எடுத்துக்கொண்டு, "ஒண்ணு பொண்ணுக்குங்க" என்று சொல்லியே எடுப்பார். வாய்க்குள் ஒன்று, பைக்குள் ஒன்று என்று திருட்டுத்தனமாக எடுக்கிற எங்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும்.

வட்டிக்கு விடுகிற அம்மா கறார். ஒரு நாள் தாமதமானாலும் வாய்க்கு வந்தபடி பேசுவார் என்று பெயர். ஒரு தடவை மிஸ்ஸுக்குக் காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. அஞ்சாம் தேதி போய்விட்டது. ஆறாம் தேதி நான் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். அந்த அம்மா. நான் பயந்துபோய் எழுந்து நின்றேன்.

"ஏம்மா டீச்சரு, அஞ்சாந்தேதி உன்னைக் காணலியேன்னதும் எனக்குத் திக்குனு ஆயிருச்சு. உசுரோட இருக்கியான்னு பாக்க வந்தேன்" என்றார்.

உள்ளே போய் மிளகும் சீரகமும் எங்கே என்று கேட்டு எடுத்து, கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். வட்டியில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. மிஸ்ஸும் கேட்கவில்லை.

எங்களுக்குள் ஒரு பெரிய சண்டை உண்டு. இவ்வளவு கடனை வைத்துக்கொண்டு அவர் தபால் ஆபீஸில் மாதம் ஐந்நூறு ரூபாய் கட்டி வந்தார். நான் விடவில்லை. "அங்க வட்டி கட்டறது எவ்வளவு, இங்க வட்டி வர்றது எவ்வளவு? கணக்கு மிஸ்ஸுக்கே கணக்கு தெரியலையே" என்றேன்.

"கணக்குப்படி நீங்க சொல்றதுதான் சரிங்க மிஸ். பரிட்சையில எழுதுனா முழு மார்க்கு போடுவேன்" என்றார். "ஆனா கையில ஒண்ணுமே இல்லாம மொத்தத்தையும் கடன்காரங்களுக்கே குடுத்துட்டன்னு வெய்ங்க. நாளைக்கு பொண்ணுக்கு ஜொரம்னா திரும்பவும் அதே அம்மாகிட்டத்தான் போயி நிக்கணும். மொதல்ல அப்படித்தானே ரெண்டு தடவ வாங்குனேன். கடன் கொறையவே இல்ல. இந்த ஐந்நூறு, நான் புதுசா கடன் வாங்காம இருக்கறதுக்குக் கட்டற கூலி."

ஆனாலும் மனதுக்குள், இது பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு கொரோனா வந்தது. பள்ளி மூடிக் கிடந்தது. எங்களுக்குப் பாதிச் சம்பளம், சில மாதம் அதுவும் இல்லை. திறந்தபோது பிள்ளைகள் பாதிப் பேர் அரசுப் பள்ளிக்குப் போய்விட்டிருந்தார்கள். ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு மார்ச்சில் ஆரம்பித்தது. தாளாளர் வராந்தாவில் வருகிறார் என்றால் நாங்கள் வகுப்புக்குள் ஒதுங்குவோம். கண்ணில் பட்டால் ஞாபகம் வந்துவிடுமோ என்ற பயம். கணக்கு மிஸ் ஒருநாள் நேராக அவருடைய அறைக்குப் போனார். கையெழுத்து வாங்க நானும் அப்போது உள்ளே நின்றிருந்தேன்.

"சார், நிறுத்தறவங்க லிஸ்ட்ல நான் இருக்கேனுங்களா?"

தாளாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். மேசை மீதிருந்த பேப்பர்களை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். "யாரும்மா சொன்னது? அதெல்லாம் இன்னும் முடிவு..."

"இருந்தா இப்பவே சொல்லிடுங்க சார். நான் வேற வேலை தேடணும். கடைசி நாள் சொன்னீங்கன்னா என்னால முடியாதுங்க."

"ஏப்ரலோட" என்றார் தாளாளர், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"சரிங்க சார், ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே வந்த என்னிடம், அடுத்த பீரியட் எந்த வகுப்பு என்று இரண்டு தடவை கேட்டார். பயமில்லாதவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பயந்துகொண்டேதான் எல்லா வாசலிலும் போய் நின்றிருக்கிறார்.

அந்த வருஷம் மூன்று பேரை நிறுத்தினார்கள். மற்ற இரண்டு பேருக்கும் கடைசி வேலை நாளன்றுதான் தெரிந்தது. கணக்கு மிஸ்ஸுக்கு ஆறு வாரம் கிடைத்தது. அதற்குள் தர்மபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை பிடித்துவிட்டார். சம்பளம் பள்ளியை விடக் குறைவு. அதையும் முதலில் போய்ச் சொன்னது பாயிடம்தான்.

மற்ற நாட்களில் மிஸ்ஸுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறவர்தான் பாய். அன்று கத்திவிட்டார். "மூவாயிரம் தர்றேன்னுதானேம்மா பேச்சு? இப்ப ஆயிரத்தி ஐந்நூறுன்னா என்ன அர்த்தம்? நானும் வட்டிக்கு வாங்கித்தான் சரக்குப் போடறேன். உங்க வூட்டுக்காரரு போர் போட்டா நானா தண்ணி வரவெக்க முடியும்?"

கடை நிறைய ஆள். மிஸ் அவர் முடிக்கிற வரை நின்றார். "நீங்க சொல்றது சரிதான் பாய். ஆயிரத்தி ஐந்நூறுதான் முடியும். ஆனா அது தவறாது" என்று சொல்லிவிட்டு வந்தார். இதை என்னிடம் சொன்னபோது அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த மாதம் அஞ்சாம் தேதி ஆயிரத்து ஐந்நூறோடு அதே கல்லா முன்னால் போய் நின்றார்.

ஜவுளிக்கடையில் காலை முதல் ராத்திரி வரை நிற்க வேண்டும். தீபாவளிச் சமயத்தில் நான் குழந்தைகளோடு துணி எடுக்கப் போயிருந்தேன். பள்ளியின் பழைய மாணவன் ஒருவனும் அவன் அம்மாவும் பில் போடுகிற இடத்தில் மிஸ்ஸைப் பார்த்துவிட்டார்கள். அந்த அம்மா பையனை வேறு பக்கம் திருப்பி இழுத்தாள். பார்க்காத மாதிரி போய்விட்டால் மிஸ்ஸுக்குச் சங்கடம் இருக்காது என்று நினைத்திருப்பாள். மிஸ் அங்கிருந்தே கூப்பிட்டார்: "டேய், எங்க ஓடற? அல்ஜீப்ரா இப்பவாவது வருதா? இங்க வா, இந்தப் பில்லுல தள்ளுபடி எவ்வளவுன்னு சொல்லு பாக்கலாம்." பையன் சிரித்துவிட்டான். அந்த அம்மாவும்.

பண்டிகை முடிந்ததும் கடையில் ஆள் குறைத்தார்கள். மாம்பழ சீசன் வரை டியூஷன் எடுத்தார். சீசன் வந்ததும் பழக்கூழ் ஃபேக்டரிக்குப் போனார். மாங்காய்ப் பால் பட்டு இரண்டு முழங்கையிலும் தோல் வெந்து கருத்திருந்தது. பி.எட் படித்தவர் பழம் தரம் பிரிக்கிறாரே என்று நான் வருத்தப்பட்டபோது, "தரம் பிரிக்கறதுதானே மிஸ் நம்ம வேலை? இது பெயிலானாலும் யாரும் வந்து சண்டை போட மாட்டாங்க" என்றார். சாப்பாட்டில் குறைத்தார், பஸ்ஸில் குறைத்து நடந்தார், மகளின் வேன் ஃபீஸை நிறுத்தித் தானே கொண்டுபோய் விட்டார். ஐந்நூறை மட்டும் தொடவில்லை.

அந்த ஐந்நூறு என்ன செய்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். மாம்பழ சீசன் முடிந்து, பள்ளியில் புதிதாக வந்த கணக்கு சார் நவம்பரில் பாதியில் விட்டுவிட்டுப் போனார். பத்தாம் வகுப்புப் பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். தாளாளர் மிஸ்ஸுக்குப் போன் செய்தார். பழைய சம்பளம் எட்டாயிரம், நாளைக்கே வந்துவிடலாம் என்றார். மிஸ் பன்னிரண்டாயிரம் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று தாளாளர் வைத்துவிட்டார்.

எனக்குப் பதறியது. "என்ன மிஸ் இப்படிப் பண்ணிட்டீங்க? கைக்கு வந்ததை விடறீங்களே."

"தபால் ஆபீஸ்ல இருபதாயிரத்துக்கு மேல கெடக்குதுங்க மிஸ். மூணு மாசம் யார்கிட்டயும் போவாம சாப்பிடலாம். அதனாலதான் கேக்க முடிஞ்சுது. இல்லாட்டி எட்டாயிரத்துக்கே ஓடியிருப்பேன்."

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. போன் வரவில்லை. மிஸ் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் தாளாளர் கூப்பிட்டு, பதினோராயிரம் என்றார். மிஸ் திங்கட்கிழமை காலையில் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காத மாதிரி, "சாக்பீஸ் இருக்குதுங்களா மிஸ்?" என்றார்.

வீட்டுக்காரர் பெங்களூரிலிருந்து அனுப்பியதும் சேர்ந்து, மெல்ல மெல்ல முதலில் வட்டிக்கார அம்மாவின் கணக்கு முடிந்தது. பிறகு நகை ஒவ்வொன்றாக வந்தது. கடைசியாக பாய் கடை. முடிந்த அடுத்த மாதம் அஞ்சாம் தேதி பஸ்ஸை விட்டு இறங்கியவர் நினைவில்லாமல் கடைக்குப் போய்விட்டாராம். பாய் பதறிப்போய், "என்னம்மா, திரும்பவும் போர் போட்டுட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

வீட்டுக்காரருக்கு ஓசூரில் நிரந்தரமாக ஒரு வேலை அமைந்ததும் குடும்பத்தோடு அங்கே போய்விட்டார்கள். மிஸ் அங்கே ஒரு பெரிய பள்ளியில் சேர்ந்தார். கிறிஸ்துமஸுக்குப் போனில் பேசுவோம். அவ்வளவுதான் இப்போது.

ஆனால் அவர் ஓசூர் போவதற்கு முந்திய கோடையில் நடந்த ஒன்றை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் தம்பி கடை வைக்கிறேன் என்று கேட்டதற்கு, என் நகையை எல்லாம் அடகு வைத்து இரண்டே கால் லட்சம் கொடுத்திருந்தேன். கடை ஒரு வருஷத்தில் மூடிவிட்டது. என் வீட்டுக்காரர் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். நகை பேங்க் லாக்கரில் இருக்கிறது என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். கல்யாணம் காட்சி வந்தால் கவரிங் போட்டுக்கொண்டு போவேன். நகை ஏலத்துக்கு வருகிறது என்று பேங்கிலிருந்து கடிதம் வந்தபோது, அதைக் கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குள் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டேன். கணக்கு மிஸ்ஸிடம் காட்டினேன்.

படித்தார். "பேங்குக்கு நான் கூட வர்றேன். தவணை கேக்கலாம். ஆனா மொதல்ல உங்க வூட்டுக்காரர்கிட்டச் சொல்லிடுங்க" என்றார்.

"முடியாதுங்க மிஸ். கொன்னுடுவாரு."

"அடிப்பாரா?"

"சேச்சே. பேச மாட்டாரு. அதுதான் பயம்."

"நீங்க சொல்றப்ப நான் தெருமுனையில நிக்கறேன். ஏதாச்சும்னா கூப்பிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. பிள்ளைகள் என் அம்மா வீட்டில். என் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தார். கதவுக்குப் பின்னால் கேட்டதாக மிஸ் சொன்ன அவருடைய அப்பாவின் மூச்சுச் சத்தம் அன்று எனக்குள்ளேயே கேட்டது. கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேசவில்லை. நான் நினைத்த மாதிரியேதான். ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு, "எனக்கும் ஒண்ணு இருக்குது" என்றார்.

பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்று சொன்ன யாரிடமோ ஒன்றரை லட்சம் கட்டியிருக்கிறார். அவர்கள் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். கட்டிய பணமும் தன்னோடு வேலை செய்கிறவர்களிடம் வாங்கிய கடன். இரண்டு வருஷமாக அவர் ஓவர்டைம் பார்த்து வந்ததெல்லாம் அந்தக் கடனை அடைக்கத்தான். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. இரண்டு வருஷமாக ஒரே பாயில் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளிந்திருக்கிறோம்.

அவர் மகனின் ரஃப் நோட்டை எடுத்து, பின்பக்கத்தில் என்னுடையதையும் அவருடையதையும் வரிசையாக எழுதினார். கூட்டினார். பேனாவை மூடிவிட்டு ஜன்னலைக் காட்டினார்.

"அந்த மிஸ்ஸ எவ்வளவு நேரம் வெயில்ல நிக்க வெப்ப? அப்பவே பாத்துட்டேன். போய் உள்ள கூப்பிடு."

ஓடிப்போய்க் கூப்பிட்டேன். மிஸ் முகமெல்லாம் வியர்வை. முந்தானையால் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். என் வீட்டுக்காரர் நோட்டை அவர் பக்கம் தள்ளினார்.

மிஸ் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே கீழே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. தயங்கியது போலத்தான் இருந்தது.

"கூட்டல்ல பத்தாயிரம் விட்டுப்போச்சுங்க சார்," என்றார். "மொத்தம் இதைவிடக் கொஞ்சம் ஜாஸ்திங்க."

என் வீட்டுக்காரர் அவரையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.